போனுக்குள் இருந்த அக்கா

பஸ் வராமல் இருந்தாலும் இருக்கும், அவள் குரல் வராமல் இருக்காது. பஸ் நிலையத்து மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு பெட்டி அறையில், இருபது வருஷத்துக்கு மேலாக மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவள். "பயணிகள் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அழுகிற குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு மேலே பார்க்கும். ஜேப்படிக்காரன்கூட ஒரு நொடி கையை வெளியே எடுத்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி நிற்பான். டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் அவள் மைக்கக்கா. அவளைவிட மூத்த டிரைவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் குரலைத் தங்கச்சி என்று கூப்பிட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

வீட்டில் மைக் கிடையாது. தேவையும் கிடையாது.

அம்மா செத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஆறு. அப்பா வெளியூர் வேலைக்கென்று போனவர், போனவர்தான். பத்தொன்பது வயதுப் பெண் ஒரு சின்னப் பையனை வளர்க்க வேண்டுமென்றால் கையில் என்ன இருக்கும்? குரல் இருந்தது. எழுந்திரு, பல்லைத் தேய், சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே பார், அந்த நாயைத் தொடாதே, ரோட்டைப் பார்த்து நட. அவன் வளர்ந்தான், மீசையும் வந்தது. குரல் மட்டும் அந்த ஆறு வயதுப் பையனிடமே நின்றுகொண்டிருந்தது. நடுவில் அவளுக்கும் கல்யாணம் என்று ஒன்று வந்தது, பிளாட்பாரத்தில் நிற்காமல் போய்விட்டது. அவள் அதை அப்படித்தான் சொல்வாள். கேட்கிறவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று முழிப்பதற்குள் அவளே சிரித்து முடித்துவிடுவாள்.

தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். கூட வேலை செய்தவர்கள் வைத்த பேர் ஐஸ். நல்ல உயரம், பேச்சு குறைவு, பேசினால் அதில் பாதி நக்கல். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் வேறு வீட்டில் இருந்தான். ஒரு நாள் ஒரு பையும் ஒரு தலையணையுமாக வாசலில் வந்து நின்றான்.

"தலையணை எதுக்குடா தூக்கிட்டு வந்தே? இங்க இல்லாத தலையணையா?" என்றாள் அக்கா. கல்யாணம் முறிந்து வந்தவனுக்கு அவள் சொன்ன ஆறுதல் மொத்தமும் அவ்வளவுதான்.

பின்னறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தாள். முதலில் ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. அப்புறம் வாரத்தில் எல்லாக் கிழமையும் அவனுக்குத் திங்கட்கிழமையாகிவிட்டது. குளியல் குறைந்தது, சாப்பாடு குறைந்தது, நக்கலும் நின்றுபோனது. அது நின்றபோதே அவள் பயந்திருக்க வேண்டும். "கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்காதே, ஏதாவது பேசு" என்று கத்தினாள். கத்தினால் பேசுவான் என்று ஒரு நம்பிக்கை.

ஒரு மழை நாளில் மொட்டை மாடிக்குப் போனவன் நெடுநேரம் இறங்கவில்லை. மேல்வீட்டு டெய்லர் அண்ணன் துணி எடுக்கப் போனவர் பார்த்திருக்கிறார். கிட்டே போய்த் தோளில் கையைப் போட்டு, மழையைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டே மெல்லக் கீழே கூட்டி வந்தார். அங்கே என்ன நடக்க இருந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும். அக்கா மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள். "மழைல நனைஞ்சா சளி பிடிக்கும்னு தெரியாதா உனக்கு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் டெய்லர் அண்ணன்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். வேறு ஏதோ ஒன்றிலும் பேர் சேர்த்துக்கொண்டார்கள். அதை அவன் வீட்டில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு ஆராய்ச்சி மையம் இருந்தது. மனசு விட்டுப்போனவர்களுக்கு ஒரு போன் செயலி செய்துகொண்டிருந்தார்கள். காலையில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும். மூச்சுப் பயிற்சி சொல்லும். நாலு நல்ல வார்த்தை சொல்லும். மூன்று மாசம். பாதிப் பேருக்கு ஒரு மனுஷக் குரல் பேசும், மீதிப் பேர் அதே வார்த்தைகளைத் தாங்களே வாசித்துக்கொள்ள வேண்டும். எதில் ஆள் தேறுகிறான் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. இதை நடத்தின மேடம் கனத்த கண்ணாடி போட்டவர், தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறவர். மொத்த ஊரும் கட்டுப்படுகிற குரல் மேலே ஒரு பெட்டியில் சும்மா கிடக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. படியேறி வந்து கேட்டார். மைக்கக்காவும் சரி என்றாள். அந்த மாதிரி ஒரு ஆள் பின்னறையில் படுத்திருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல எப்படி வாய் வரும்?

முதல் நாள் ஒலிப்பதிவில், "மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்" என்றாள்.

சவுண்ட்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அக்கா, மூச்சு எந்த பிளாட்பாரத்துல நிக்குது?"

கண்ணாடி மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்களுக்குப் பிரியமானவங்க யாரையாவது நினைச்சுக்கிட்டுப் பேசிப் பாருங்களேன்" என்றார். அவள் தம்பியை நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். 'தோள்களைத் தளர்த்துங்கள்' என்று அவள் சொன்னதைக் கேட்டால், தளர்த்தாவிட்டால் உதை விழும் என்பது போல இருந்தது. அன்றைக்குப் பதிவு செய்ததை எல்லாம் அழித்துவிட்டார்கள்.

அடுத்த பதிவுக்குள் அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கும்படி ஆயிற்று. தாடை வீங்கி, முகம் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று போனாள். வாய் பாதிதான் திறந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் உடையாமல் எடுத்து வைக்கிற மாதிரி மெதுவாக, தணிவாகச் சொன்னாள். அறையே அடங்கிப்போய்விட்டது. சவுண்ட்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா ஒளிச்சு வெச்சிருந்தீங்க இதை?"

"பல்லு புடுங்கிட்டேன்ப்பா. சீக்கிரம் முடி, வலிக்குது."

ஒரே மத்தியானத்தில் எல்லா வரிகளும் முடிந்தன. ஒரு வாரத்துக்குள் வீக்கம் வடிந்தது. அதோடு அந்தக் குரலும் போயிற்று.

ஒரு மத்தியானம் டியூட்டி முடிந்து வந்து, தட்டோடு பின்னறைக்குப் போனாள். உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பகீரென்றது. அடப்பாவி, யாரையோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டானா என்று ஒரு கோபம். வந்தால்தான் என்ன, நல்லதுதானே என்று பின்னாலேயே ஒரு சந்தோஷம். கதவில் காதை வைத்தாள்.

"இன்று நீங்கள் எதையும் செய்து முடிக்காவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் இருப்பதே போதும். நான் இங்கேதான் இருக்கிறேன்."

கொஞ்ச நேரம் பிடித்தது, அது யார் என்று புரிய.

"டேய், உள்ள யாருடா?"

"நீதான்" என்றான் உள்ளேயிருந்து.

"அது எப்படிடா உங்கிட்ட வந்துச்சு?"

"ஆஸ்பத்திரில குடுத்தாங்க. குரல் வந்தாலும் வரும், எழுத்து வந்தாலும் வரும்னாங்க. எனக்குக் குரல் வந்துச்சு. தொறந்தா நீ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

"பிடிக்கலன்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பிடிச்சிருக்குக்கா."

அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. அது தங்குவதற்குள், "அப்ப தட்டை வாங்கு, ஆறிப்போகுது. எவ்வளவு நேரம்தான் நிக்கறது?" என்றாள், பழைய குரலில்.

"கீழ வெச்சுட்டுப் போக்கா. நான் அந்த அக்காகிட்ட பேசிட்டிருக்கேன்."

அந்த அக்கா! இந்த அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அடுப்படியில் நின்றாள். தன் குரல்மீது தானே பொறாமைப்படுகிற கொடுமை உலகத்தில் வேறு யாருக்காவது வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை. மறுநாள் அதே மாதிரி மெதுவாகப் பேசிப் பார்த்தாள். "தம்பி... சாப்பிடுறியாப்பா..." என்று இழுத்தாள். அவன் நிஜமாகவே பயந்து போய் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, உடம்புக்கு ஏதாவதா?"

ஆனால் அந்த அக்கா வேலை செய்தாள். அதை மறைக்க முடியாது. அவன் குளித்தான், சவரம் செய்துகொண்டான். ஒரு நாள் மேல்வீட்டுக்குப் போய் டெய்லர் அண்ணனின் ஃபிரிட்ஜைச் சரிபண்ணிக் கொடுத்தான். "உள்ள ஒண்ணுமே இல்லாம எதுக்குண்ணே ஃபிரிட்ஜு? காத்தை ஏன் ஜில்லுனு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டானாம். டெய்லர் அண்ணன் அதை வந்து சொன்னபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் ஒரு தப்பு செய்தாள். நல்ல எண்ணத்தில் செய்த தப்பு. போனில் இருப்பவள் பார்த்துக்கொள்கிறாள், நடுவே நாம் வாயைத் திறந்து கெடுக்கக் கூடாது என்று விலகிக்கொண்டாள். தட்டை வைத்தாள், கதவைத் தட்டினாள், போய்விட்டாள். திட்டையும் நிறுத்தினாள். திட்டு நின்றதும் பேச்சே நின்றுபோனது, அவளிடம் அது ஒன்றுதானே பேச்சு. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள் மாதிரி நிம்மதியாகக் கூடுதல் டியூட்டி பார்த்தாள். வீட்டில் அவன் குரல் கேட்கவில்லை, இவள் குரல் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ஒரு குரல்தான்.

மூன்று மாசம் முடிந்தது.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவன் போனைத் தூக்கிப் பிடித்தபடி அடுப்படி வாசலுக்கு வந்தான். திரை சாம்பல் நிறமாக இருந்தது. எங்கே தொட்டாலும் ஒன்றும் ஆகவில்லை.

"என்னை அனுப்பிட்டியேக்கா" என்றான்.

"எங்கடா அனுப்பினேன்?"

"கடைசியா சொன்னியே. 'இத்துடன் இந்தச் சேவை நிறைவடைகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.'"

அவளுக்குக் கத்தி கையிலேயே நின்றது. பதிவின் கடைசியில் ஒரு நீளமான பத்தி இருந்தது. இது முடிந்தாலும் நீங்கள் தனியாக இல்லை, இன்னாரைக் கூப்பிடுங்கள், இந்த இடத்துக்கு வாருங்கள் என்று. தாடை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. "மேடம், இதைச் சுருக்கமா சொல்லிடவா?" என்று கேட்டு, கடைசி பஸ் போன பிறகு தினமும் மைக்கில் சொல்கிற இரண்டு வரியை வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டாள். மேடமும் களைத்துப்போயிருந்தார். "கச்சிதமா இருக்கு, நம்பரெல்லாம் எழுத்துல போட்டுக்கலாம்" என்றார். எழுத்தில் போட்டார்கள்தான், திரைக்கு அடியில், பொடி எழுத்தில்.

"அது சும்மா படிச்சதுடா."

"மத்ததெல்லாம்?"

அவள் கத்தியைக் கீழே வைப்பதற்குள் அவன் திரும்பிப் போனான். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. மாத்திரை அட்டை அடுப்படி அலமாரியில் வைத்த இடத்திலேயே கிடந்தது. இரண்டாம் நாள் அவள் மேலே போய் மாடிப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, நேரே ஆராய்ச்சி மையத்துக்கு ஓடினாள்.

"அந்தக் குரலைத் திரும்பப் போடுங்க மேடம்."

கண்ணாடி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருக்குன்னு கேக்கலாமா?"

"என் தம்பிக்கு."

"அவர் எங்க ஆய்வுல இருக்காரா இல்லையான்னு நான் சொல்லக் கூடாது. உங்ககிட்டகூட."

"என் வீட்டுப் பின்னறைல படுத்திருக்கான். நீங்க சொல்லவே வேணாம்."

"ஒருத்தருக்கு மட்டும் திறந்துவிட்டா மத்தவங்களோட ஒப்பிட முடியாதும்மா. மொத்தக் கணக்கும் கெட்டுடும். இன்னும் எத்தனையோ பேருக்கு இது போய்ச் சேரணும்."

"சரி, என் குரலையாவது என் கைல குடுங்க."

"அது இப்ப மையத்தோடது. கையெழுத்துப் போட்டிருக்கீங்க." மேடத்தின் முகம் சுருங்கியிருந்தது. கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். "அதை விடுங்க. அவர் சாப்பிடலன்னா, மாத்திரை போடலன்னா, செயலிக்காகக் காத்திருக்காதீங்க. இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் இப்பவே அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றேன். அவரைத் தனியா விடாதீங்கம்மா."

வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம்தான் அவள் காலை இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து பின்னறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். வரிகள் மனப்பாடமாக இருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கள் தோள்களைத் தளர்த்துங்கள். மூச்சை மெதுவாக..." என்று ஆரம்பித்தாள்.

"நிறுத்துக்கா." குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வந்தது. "நீ சொல்றதைக் கேட்டா பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறணும்போல இருக்கு."

"ஏறேன்டா. எழுந்து வாயேன்."

அவன் வரவில்லை. உள்ளேயிருந்தே, "அக்கா" என்றான்.

"சொல்றா."

"அதைப் பேசும்போது யாரை நினைச்சுக்கிட்டே?"

உன்னைத்தான் என்று ஒரே வார்த்தை. நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் தாழ்ப்பாள் திறந்தாலும் திறக்கும். ஆனால் அவள் பொய் சொன்னால் இவன் சின்ன வயதிலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். போனில் இருந்தவள் ஏற்கெனவே ஏமாற்றிவிட்டுப் போயாயிற்று, வெளியே இருப்பவளும் ஏமாற்றினால் அவனுக்கு மிச்சம் யார்?

"பல்லு புடுங்கியிருந்தேன்டா" என்றாள்.

"என்னது?"

"கடைவாய்ப் பல்லு. நீ பாத்திருக்க மாட்டே, அப்ப சுவரைப் பாத்துப் படுத்திருந்தே. வாயைத் திறக்க முடியல, அதான் குரல் அப்படி வந்துச்சு. யாரையும் நினைக்கல. எப்ப வீட்டுக்குப் போய் மாத்திரை போடுவோம்னு நினைச்சேன்." நிறுத்தினாள். பிறகு அடக்க முடியாமல் மளமளவென்று வந்தது. "மொத நாள் உன்னை நினைச்சுத்தான் பேசினேன். அது நல்லா வரல, அழிச்சுட்டாங்க. உன்னை நினைச்சா எனக்குப் பயமா இருக்குடா. பயம் வந்தா குரல் ஏறிடுது. அம்மா போனதுலேருந்து அப்படித்தான். நீ அதைத் திட்டுன்னு நினைச்சுக்கிட்டே. நானும் அது திட்டுதான்னு நினைச்சுட்டேன்."

உள்ளே சத்தமே இல்லை.

"டேய்."

இல்லை.

"டேய், கேக்குதா? ஒரு சத்தம் குடு!"

உண்மையைச் சொல்லிக் கொன்றுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் கத்தினதில் டெய்லர் அண்ணன் கையில் கத்தரிக்கோலோடு இறங்கி ஓடி வந்தார். இரண்டு பேரும் தோளால் இடித்தார்கள். தாழ்ப்பாள் பழசு, பிய்த்துக்கொண்டு வந்தது.

சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உயிரோடுதான் இருந்தான். முகம் முழங்காலுக்குள் புதைந்திருந்தது, முதுகு குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

"எனக்கும் பயமா இருக்குக்கா" என்றான், தலையைத் தூக்காமல். "என்னைப் பார்த்தாலே."

அவள் அவனைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. எங்கே தொடுவது என்று தெரியாமல் சட்டைக் காலரைப் பிடித்தாள், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிற மாதிரி. "கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு." அவன் எழுந்தான். டெய்லர் அண்ணன் செருப்பை எடுத்து அவன் காலருகே வைத்தார்.

டாக்டர் அவனைப் பார்த்ததுமே, "இன்னிக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது. எத்தனை நாள் ஆகும்னும் இப்பச் சொல்ல மாட்டேன்" என்றார். சின்ன அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் நின்றுபோன கடிகாரம். "எவ்வளவு நாளா இப்படி?"

அக்கா வாயைத் திறந்தாள். "பொண்டாட்டி பிரிஞ்சதுலேருந்து டாக்டர், ஒரு வருஷமா..."

"இல்ல" என்றான் தம்பி.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்பதாவது படிக்கும்போது ஆரம்பிச்சுது. காலைல எழுந்திருக்கவே பிடிக்காது. அக்கா கத்தும், எழுந்துடுவேன். அந்தச் சத்தத்துலதான் எல்லாமே பண்ணேன். குளிச்சேன், வேலை கத்துக்கிட்டேன், கல்யாணம் பண்ணேன். அவகிட்ட சொல்லிப் பார்த்தேன், அவ பயந்துட்டா."

ஒன்பதாவது! அந்த வருஷங்களில் எல்லாம் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று இவள் அதட்டியிருக்கிறாள். அவன் போட்டுக்கொண்டிருக்கிறான். ஏன்டா என்கிட்ட சொல்லல என்று நெஞ்சிலிருந்து கிளம்பி வந்தது. வாய்வரை வந்துவிட்டது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றார் டாக்டர், அவனிடம்.

அவன் சொன்னான். நடுவில் நிறுத்தினான், தண்ணீர் கேட்டான், மறுபடி சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சில இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடலாமா என்று இருந்தது. அடுத்த நோயாளியோடு வந்தவர் பொறுமை இழந்து கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். அவள் எழுந்து போய், ஒரு வார்த்தை பேசாமல், அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.